உடையாமல் இருந்த குற்றம்

என் கைபேசிக்கு ஆறு வயது. மணி அடிக்கிறது. எடுத்தால் அந்தப் பக்கத்துக் குரல் கேட்கிறது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவரின் குரல் இன்னும் தெளிவாகவே கேட்கிறது. கையிலிருந்து எத்தனை முறை நழுவியது என்று கணக்கில்லை. ஒரு முறை ஷேர் ஆட்டோவில் மறந்துவிட்டு இறங்கினேன், மறுநாள் திரும்பக் கிடைத்தது. எடுத்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நமக்கு எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் சாகாத போனுக்கு, போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் வங்கி மரணச் சான்றிதழ் கொடுத்தது.

"உங்கள் சாதனம் இனி ஆதரிக்கப்படாது."

கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். 'சரியில்லை' என்று சொல்வதற்குப் பொத்தான் வைக்கவில்லை.

கிளைக்குப் போனேன். "போனை மாத்துங்க சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். ரேஷன் கடையில் அரிசி கேட்டால் முதலில் பையை மாத்துங்க என்பது போல. என் பணம், என் கணக்கு, என் கையெழுத்து, நான் நேரில் நிற்கிறேன், நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்களேன் என்றேன். "ஆப்ல பண்ணிடுங்க சார், ஈசி" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை, அதில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம், எல்லார் கையிலும் புது போன்.

வீட்டில் மூன்று வாரமாக இதே பேச்சு. மாத்தலாமா, வேண்டாமா? மகன் சொன்னான்: "ஆறு வருஷமா? மியூசியத்துல கேப்பாங்கப்பா. ஈஎம்ஐல போட்டுக்கலாம், தெரியவே தெரியாது." தெரியாமல் போகும் பணம் என்று ஒன்று இருப்பதை இந்தத் தலைமுறைதான் கண்டுபிடித்தது. எங்கள் வீட்டு மிக்சிக்கு முப்பது வயது. இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. பிளேடு எத்தனை முறை மாறியது என்று அதற்கே ஞாபகம் இருக்காது. எந்தத் தேங்காய்ச் சட்னியும், "இந்த மிக்சியில் அரைபட மாட்டேன், புதுசு வாங்கு" என்று இதுவரை அறிவிப்பு ஒட்டியதில்லை.

ரிச்சி தெருவுக்குப் போனேன். மனிதன் நேர்மையாக வைத்தியம் பார்க்கும் இடங்கள் சென்னையில் குறைவு, அதில் அதுவும் ஒன்று. பத்தடிக்கு ஆறடிக் கடை. நெற்றியில் விளக்குக் கட்டிய பையன் போனைப் புரட்டிப் பார்த்தான். பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது என்றான். சூடு காட்டி, பசையை இளக்கி, முதுகைப் பெயர்த்தான். "முன்னாடியெல்லாம் நகத்தால தொறந்திடலாம் சார். இப்ப பசை போட்டு ஒட்டிடுறான். பேட்டரி மாத்தினா புது செட்டு யார் வாங்குவா?" இருபது நிமிடம். கூலியோடு 850 ரூபாய். கையில் கொடுத்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னான்: "செட்டுக்கு ஒண்ணும் இல்ல சார். இன்னும் மூணு வருஷம் அசால்ட்டா ஓடும். ஆப்புக்காரன் விடணும்."

ஆப் என்று எழுதுகிறார்கள். வாயில் வரும்போது அது ஆப்பு. தமிழ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

நியாயத்தையும் பேசிவிடுவோம். வங்கி சொல்லும் காரணம் முழுப் பொய்யில்லை. பழைய மென்பொருளில் ஓட்டைகள் இருக்கும், திருடன் நுழைவான். உண்மை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர் யார்? ஆண்ட்ராய்டில் கூகுள் ஒட்டுப் போட்டால் மட்டும் போதாது. சிப் செய்தவர் அதைத் தன் சிப்புக்குப் பொருந்த வைக்க வேண்டும். போன் செய்தவர் சோதித்துப் பார்த்து நமக்கு அனுப்ப வேண்டும். இந்த மூவரில் ஒருவர் கையை விரித்தாலும் போன் அநாதை. கையை விரித்தவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அநாதைப் போனைத் தூக்கிக்கொண்டு நாம் போகப்போவது அவர் கடைக்குத்தான். பூட்டில் கோளாறு என்று பூட்டுக்காரனைக் கூப்பிட்டால், அவன் வீட்டை மாற்றச் சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் வங்கி, அவன் சொல்வது சரிதான் என்று தலையாட்டுகிறது.

முடியாது என்றால்கூட மன்னிக்கலாம். முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 போனுக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்றது கூகுள். 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே ஏழு ஆண்டு என்றது சாம்சங். அதாவது எண்பதாயிரம் கொடுத்தால் போனுக்கு ஏழு வருட ஆயுள். பத்தாயிரம் கொடுத்து வாங்கியவனுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தோடு கருமாதி. திருடன் மட்டும் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. அவன் சமத்துவவாதி.

இதெல்லாம் கிழவனின் சந்தேகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. வயதான லித்தியம் பேட்டரிக்கு ஒரு பலவீனம் உண்டு. போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது. ஐபோன்கள் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே பொட்டென்று அணைந்தன. மருந்து எளிது: புது பேட்டரி. ஆப்பிள் வேறு மருந்து கண்டுபிடித்தது. 2017 தொடக்கத்தில் ஒரு அப்டேட் அனுப்பி, பழைய போன்களின் வேகத்தையே குறைத்தது. நல்ல காரியத்தை இடது கைக்குத் தெரியாமல் செய்வது போல, போன் வைத்திருந்தவர்களுக்கே தெரியாமல் செய்தது. அவர்கள் என்ன நினைத்தார்கள்? போனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தார்கள். வரிசையில் நின்று புதுசு வாங்கினார்கள்.

சிலர் உட்கார்ந்து வேகத்தை அளந்தார்கள். ஊர் கூடியது. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் செய்தோம், ஆயுளைக் குறைக்க அல்ல என்றது. இருக்கட்டும். அத்தனை நல்லெண்ணத்தை ஏன் ஒளித்துவைத்துச் செய்தீர்கள்? அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். மாட்டிக்கொண்டால் 29, மாட்டாவிட்டால் 79. இத்தாலி 2018ல் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. பழைய நோட் 4 போன்களுக்குப் பொருந்தாத அப்டேட்டைத் தள்ளியதற்காக சாம்சங்குக்கும் அதே நாளில் 50 லட்சம் யூரோ. பிரான்ஸ் 2020ல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ போட்டது. அதே ஆண்டு அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம். பெரிய தொகைதான். ஆனால் அது யார் பணம்? நல்ல போனைப் பழசு என்று நம்பித் தூக்கிப்போட்டு, புதுசு வாங்கினானே, அவன் பணம்.

இதே மகான்கள்தான் 2020 அக்டோபரில் நமக்கு சுற்றுச்சூழல் பாடம் எடுத்தார்கள். ஐபோன் 12 பெட்டியைத் திறந்தால் சார்ஜர் இல்லை. பூமியைக் காப்பாற்ற எடுத்துவிட்டோம் என்றார்கள். பூமி காப்பாற்றப்பட்டது. சார்ஜர் பக்கத்து அலமாரியில், தனிப் பெட்டியில், தனி விலையில் இருந்தது. சாம்சங் இதைக் கிண்டல் செய்து விளம்பரம் போட்டது. 2021 ஜனவரியில் எஸ்21 வந்தபோது அந்தப் பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கிண்டல் பதிவையும் காணவில்லை. இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. பிரேசில்தான் 2022ல், சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்காதே என்று தடை போட்டது. 2022ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைப் போட்டது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம். இந்தக் குப்பை மலையின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு சார்ஜரைக் குறைத்ததற்குக் கைதட்டச் சொல்கிறார்கள்.

நம் அரசாங்கம் சும்மா இருக்குமா? 2020 மார்ச் 25ல் நாட்டைப் பூட்டினார்கள். பள்ளிக்கூடம் கைபேசிக்குள் குடிபோனது. ஒரு வாரம் கழித்து, கைபேசிக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. தேதி ஏப்ரல் 1. நான் கிண்டல் செய்யவில்லை, அரசாணை செய்தது. தங்கத்துக்கு 3 சதவீதம், பிள்ளை பாடம் படிக்கும் போனுக்கு 18. பழசையே ரிப்பேர் செய்துகொள்கிறேன் என்று பில் போடும் சர்வீஸ் சென்டருக்குப் போனால் அந்தக் கூலிக்கும் 18. வாங்கினாலும் அதே வரி, வாங்காமல் தப்பித்தாலும் அதே வரி.

பழுது பார்க்கும் உரிமை என்று ஒன்று உண்டு. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை குழு அமைத்தது. டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இணையதளம் திறந்தது. பிறகு எந்தப் பொருள் எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கத் தக்கது என்று மதிப்பெண் போட இன்னொரு குழு. அது 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிரான்ஸில் அந்த மதிப்பெண் 2021 ஜனவரியிலேயே கடையில் தொங்கியது. 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, போன் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாட்ட வசதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. நமக்கு இணையதளம் இருக்கிறது. அதைப் பார்க்க நல்ல போன் வேண்டும்.

ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியைப் புது போன்களிலெல்லாம் ஏற்றியே விற்க வேண்டும், ஏற்கெனவே தயாரான போன்களுக்கு அப்டேட் வழியாக அனுப்ப வேண்டும் என்றார்கள். வேவு பார்க்கவா என்று நாடு கத்தியது. டிசம்பர் 3ல் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். நான் கத்தவில்லை. என் போனுக்கு அப்டேட் வந்து மூன்று வருடமாகிறது. அரசாங்கமே தலைகீழாக நின்றாலும் அந்த வழியில் உள்ளே வர முடியாது. பழசுக்கும் ஒரு மரியாதை.

ரீசார்ஜ் அநியாயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். ஒரே பிளான், ஒரே பணம்: 5ஜி போன்காரருக்கு அளவில்லா டேட்டா, என் 4ஜி போனுக்கு நாளுக்கு 2 ஜிபி. பஸ்ஸில் ஒரே டிக்கெட் வாங்கிய இருவரில், செருப்பு பழசாக இருப்பவன் நிற்க வேண்டும்.

என்னைப் போன்றவன் பாடு இத்தோடு போகும். புலம்பிவிட்டு, ஈஎம்ஐ கட்டிவிட்டுக் கிடப்பான். கோபம் வர வேண்டியது வேறு இடத்தில்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்களின் கையில், சில ஆண்டுகளுக்கு முன் அரசு கொடுத்த போன். ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலி 2021ல் வந்தது. குழந்தையின் எடை, உயரம், வருகை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். அது ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் மாவு. போனில் நினைவகம் இல்லை. சிக்னல் இல்லை. படம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கிறது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நிற்கிறாள். இன்னொரு பெண் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். இருவருக்கும் நடுவில் மாவுப் பாக்கெட். பத்து வருடமாக அந்தத் தெருவில் அவள் முகத்தைப் பார்த்துவருபவர் எதிரிலேயே நிற்கிறார். அவர் கண் செல்லாது. கேமரா சொன்னால்தான் அது முகம்.

ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியர் மதிப்பூதியத்தைக் கடைசியாக உயர்த்தியது 2018 அக்டோபரில், 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாய்க்கு. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துக் கொடுப்பது வேறு. செயலிக்கு மட்டும் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருக்கிறது, சம்பளத்துக்கு அப்டேட் கிடையாது. மகாராஷ்டிராவில் 2021லேயே அங்கன்வாடிப் பெண்கள், இந்த ஓட்டைப் போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். 2025ல் நம் ஊரிலும் தெருவில் உட்கார்ந்து 5ஜி போன் கேட்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள். ஊரெல்லாம் புது போன் பெருமைக்கு. இவர்கள் கேட்டது மாவு போட.

நூறு நாள் வேலையிலும் இதே கூத்து. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளத்திலும் செயலியில்தான் வருகைப்பதிவு என்றானது, காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். பணித்தளப் பொறுப்பாளரின் போன் மக்கர் செய்தால், வெயிலில் மண் வெட்டியது வெட்டாததாகிவிடும். மண்வெட்டி பழசானால் காம்பு மாற்றிக்கொள்ளலாம். போன் பழசானால் கூலிக்கே காம்பு இல்லை.

பழைய போனோடு வாழ்வது இந்த நாட்டில் விருப்பம் அல்ல. மாவுக்கும் அக்கவுன்ட்டுக்கும் கூலிக்கும் போனை வாசற்படியாக்கியது அரசு. அந்த வாசற்படி எத்தனை வருடம் தாங்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது யார்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஞாபகம் வரும். 2006ல் அங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கம்பெனிப் பஸ் ஏறினார்கள். 2014 நவம்பர் 1ல் ஆலையை மூடினார்கள். அந்தக் காலத்து நோக்கியா ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சார்ஜ் போட்டால் முழித்துக்கொள்ளும். போனைவிட ஆலைக்கு ஆயுள் குறைவு. இப்போது அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் கோக்கிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கே அது தெரிந்தது. அவர்கள் கோத்த போனின் பெட்டியில் சார்ஜர் இருக்காது. பூமியைக் காப்பாற்ற.

கடைசியில் நானும் பலவீனப்பட்டேன். ஒரு விற்பனைத் தளத்தில், பழைய போனுக்கு 40,000 ரூபாய் வரை தள்ளுபடி என்று போட்டிருந்தது. தமிழில் இருக்கிற பெரிய பொய் இரண்டே எழுத்து: வரை. பதினாலு கேள்வி கேட்டார்கள். திரை ஒளிர்கிறதா? ஒளிர்கிறது. கேமரா? எடுக்கிறது. ஒலி? கேட்கிறது. கீறல்? ஒன்று. எல்லாம் கேட்டுவிட்டு 420 ரூபாய் என்றார்கள். பேட்டரி மாற்ற நான் கொடுத்தது மட்டும் 850.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் குரல் வந்தது. மொபெட்டில் குடமும் வாளியும் மலையாகக் கட்டியிருந்தார். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: பழைய செல்போன், உடைஞ்ச செல்போன், ஓடாத செல்போன் எடுக்கிறோம். சும்மா விலை கேட்போமே என்று இறங்கிப் போனேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஓடுதா சார்?"

"ஓடுது. ஓட விடமாட்டேங்கிறாங்க."

அதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. பெரிய வாளி ஒன்று, மக் ஒன்று என்றார். நீல வாளி. தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு வியாபாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இது எத்தனை வருஷம் வரும்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடையிற வரைக்கும் வரும் சார். இது என்ன கேள்வி?"